கூடாரத்தின் முன்னால் சந்திரம்மாள் இருந்த பகல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கூடாரத்தோடு வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1979 தை மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. நான் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியன். சாரணர் பிரிவையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தப் பிரிவின் சொத்து என்று பார்த்தால் இரண்டு காக்கிக் கூடாரங்கள், சில விசில்கள், ஓரம் கிழிந்த ஒரு கொடி. கூடாரங்களில் ஒன்றை உரக்கடை அப்பாதுரை இரவல் வாங்கிப் போயிருந்தார். அவரும் அவர் மனைவியும் காட்டில் தங்கப் போவதாகச் சொன்னார். திருப்பிக் கொண்டுவந்தது மனைவி மட்டும்தான்.

பேர் சந்திரம்மாள். சுருட்டிக் கட்டிய கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓவிய வகுப்பின் வாசலில் நின்றார். புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, மாணவர்கள் இல்லாத அந்த வகுப்பில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் எதுவும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. நான் அவருக்கு யாருமில்லை என்பதால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

[ஒரு விளக்கம். நேரில் பார்த்தால் எனக்கு அவர் 'அவர்'தான். எழுத உட்கார்ந்தால் பேனா 'அவள்' என்கிறது. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. இனி காட்டிலும் வீட்டிலும் அவள். என் எதிரில் நிற்கும்போது அவர்.]

2

ஒன்பது வருஷமாக இதன் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். சில மாதிரிகள்:

"ஜவ்வாது மலை மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது சந்திரம்மாள்—"

விட்டுவிட்டேன். பனி எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

"குழந்தை இல்லாத ஒரு பெண்ணின் துக்கத்தை யார்தான்—"

இதையும் விட்டேன். படிக்கிறவர் இங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுவார். அதற்கப்புறம் அவளை யாரும் சரியாகப் பார்க்கப்போவதில்லை.

"அப்பாதுரை ஒரு கோழை."

ரொம்ப நாள் இந்த வாக்கியம் இருந்தது. எடுத்ததற்குக் காரணம் பின்னால் வரும்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

3

கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் ஒரே வீட்டில். கார்த்திகை தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பொங்கல் கழிந்துதான் ஊருக்குப் போவார்கள். பௌர்ணமி தவறாமல் யாராவது கிரிவலம் வந்து படுத்திருப்பார்கள். ஆண்களுக்கு மாடி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளறை. அப்பாதுரையும் சந்திரம்மாளும் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டும் என்றால் நடுவில் யாராவது இருப்பார்கள். "உன் வீட்டுக்காரன் சீக்கிரம் வரமாட்டானாம்" என்று மாமியார் வந்து சொல்வாள். "அண்ணி மருந்து கேட்டாங்க" என்று கொழுந்தன் போய்ச் சொல்வான். இப்படியே வருஷங்கள் போயின. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒன்று தீபம் பார்க்க வந்தது. அவர்களோடு உண்ணாமலை என்று ஒரு பெண். மாமியார் ராஜம்மாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். கிணற்றடி, சமையலறை, கடைசியாக மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறை வரைக்கும்.

தீபம் பார்க்க வந்த பெண்ணுக்குச் சாமான் அறை எதற்கு? சந்திரம்மாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் போகிற இடத்தில் எல்லாம் பேச்சு நின்றது. அவள் பெற்றோர் இறந்துவிட்டிருந்தார்கள். அண்ணன் ஒருவன், கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில். அவன் காதுக்கும் சேதி போயிருந்தது. அவன் வந்து கேட்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அவர் இந்த இடத்தில்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தேன் சார். அவரே சொன்னா சரின்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

4

அப்பாதுரை கூடாரம் கேட்டு வந்தபோது நான் காரணம் விசாரித்தேன். கல்லூரியில் என்.சி.சி. முகாமுக்குப் போயிருக்கிறாராம், காட்டில் பத்து நாள். வாழ்க்கையில் நன்றாகத் தூங்கியது அந்தப் பத்து நாள்தான் என்றார். வெளிநாட்டில் தேசியப் பூங்கா என்று பெரிய பெரிய காடுகளை வைத்திருக்கிறார்களாம். ஜனங்கள் கூடாரத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே சும்மா இருந்துவிட்டு வருவார்களாம். பத்திரிகையில் படித்தேன் என்றார். நம் மாவட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஜவ்வாது மலைக் காட்டில் ஒரு ஓடைக்குப் பக்கத்தில் வனத்துறை ஒரு திடல் வைத்திருப்பதாகவும், அனுமதி வாங்கினால் கூடாரம் போடலாம் என்றும் விசாரித்து வைத்திருந்தார்.

"நம்ம ஊர்ல சும்மா இருக்கறதுக்கு எடமே இல்ல சார்" என்றார்.

சும்மா இருக்க அவர் போகவில்லை. சொல்லப் போனார். இரண்டாம் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. மனைவியிடம் அதைச் சொல்ல அந்த வீட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. மலைக் கோயிலுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, போளூர் போய், அங்கிருந்து மலையேறும் பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போனார்.

5

திடலில் இறங்கியதும் வனக் காவலர் பலராமன் அவர்களை நிறுத்தினார். அங்கே சந்தனக் கட்டை திருடுகிறவர்கள் அதிகம். பையைக் கொட்டிப் பார்த்தார். அரிசி, புளி, ஒரு பானை, ஒரு குடம், இரண்டு போர்வை. சந்தேகம் போய்க் குழப்பம் வந்தது.

"இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

அதற்காகத்தான் வந்தோம் என்றார் அப்பாதுரை. கரடி இருக்கிறது, இருட்டினால் ஓடைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காவலர் தன் குடிசைக்குப் போனார். அது கொஞ்ச தூரத்தில், மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. திடலில் வேறு யாரும் இல்லை. சத்தம் போடக்கூடாது என்று ஒரு பலகை மட்டும் இருந்தது.

கூடாரம் போடுவது அப்பாதுரைக்குப் பாதி மறந்துபோயிருந்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் கம்பை நட, எல்லாம் சரியாக நின்றது போல இருந்து, இரண்டு பேர் மேலும் மொத்தமாகச் சரிந்தது. உள்ளே இருட்டு. காக்கித் துணியின் மக்கல் வாசனை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்று இன்னொருவருக்குத் தெரியவில்லை. அவர் கை அவள் தலையில் பட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருக்கும். துணிக்கு அடியிலேயே உட்கார்ந்து இருவரும் சிரித்தார்கள்.

[இதைச் சொன்னது சந்திரம்மாள். அப்பாதுரை என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் கதை சுலபமாகிவிடும்: கெட்ட கணவன், பாவப்பட்ட மனைவி. அதனால் வெட்டவில்லை.]

மூன்று கல் வைத்துச் சோறு பொங்கினாள். சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் பேச வேண்டிய நேரம் வந்தது. வீட்டில் ஜனக்கூட்டம் இருப்பதால்தான் நாம் பேசுவதில்லை என்று இரண்டு பேருமே இத்தனை வருஷம் நம்பியிருந்தார்கள். இங்கே கூட்டம் இல்லை. அவர் யூரியா லோடு தாமதமாவதைப் பற்றிச் சொன்னார். அவள் உப்பு கம்மியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விறகு எரிந்து தணிந்தது.

"சந்திரா" என்றார் அவர்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. குளிருதா?"

"கம்மிதான்" என்றாள்.

அவ்வளவுதான். படுத்துவிட்டார்கள். இரண்டு பேருமே தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இந்த இடத்தில் அவள் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன், அவர் மனதில் ஓடியதை ஒரு பக்கம். இரண்டும் என் மனதில் ஓடியவையாக இருந்தன. கிழித்துவிட்டேன்.

6

விடிந்ததும் அப்பாதுரை குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். ஓடை கூப்பிடு தூரம்தான். அவள் அடுப்பை மூட்டி வைத்துக் காத்திருந்தாள். வெயில் மூங்கில் உச்சியிலிருந்து இறங்கித் திடலுக்கு வந்துவிட்டது. ஆளைக் காணோம். கரடியோ என்று முதலில் பயந்து ஓடை வரை போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. மணலில் அவர் கால் தடமும் இல்லை. அவர் ஓடைக்கே வரவில்லை.

திரும்பி வந்து கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"போய்ட்டாருன்னு நெனச்சேன் சார். அழுக வரும்னு பார்த்தேன். பசிதான் வந்துச்சு."

ராத்திரி மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

அவர் எங்கே போனார் என்பது எனக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளித் தோட்டத்துக்கு எரு வாங்க உரக்கடைக்குப் போயிருந்தேன். கடையில் வேறு ஆள் இல்லை. நான் கேட்கவில்லை. அவராகவே, மூட்டையில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கும் நான் யாருமில்லை.

குடத்தோடு புறப்பட்டவர் ஓடைப் பக்கம் திரும்பாமல் நேரே நடந்திருக்கிறார். ரோடு வந்துவிட்டது. நின்றார். பஸ்ஸும் வந்தது. கை காட்டவில்லை, ஆனால் ரோட்டோரம் ஆள் நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். ஏறினார். படியில் நின்றபடியே இருந்தார். கண்டக்டர் அவர் கையைப் பார்த்தார்.

"காலிக் குடத்த எடுத்துகினு எங்க போறீங்க?"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கிவிட்டார். பஸ் போனபிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். அப்புறம் ஓடைக்குப் போய்க் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் "அப்பாதுரை ஒரு கோழை" என்ற வாக்கியத்தை அடித்தேன். அது பொய் என்பதால் இல்லை. குடத்தோடு பஸ் படியில் நிற்கிற ஒரு மனிதனைப் பார்த்தபிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

7

வழி தப்பிவிட்டது என்றார் அவளிடம். ஓடைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் தப்புவதற்கு வழியே இல்லை. அவர் வந்ததும் ரோட்டுப் பக்கத்திலிருந்து. அவள் குடத்தை வாங்கி நிழலில் வைத்தாள். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"உண்ணாமலையப் பத்திச் சொல்றதுக்குத்தானே கூட்டினு வந்தீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"சாமான் ரூமக் காட்டனாங்களே, அன்னைக்கே."

அவர் அழுதார். அதை அவரும் சொன்னார், அவளும் சொன்னாள். அம்மா விடமாட்டேன் என்கிறாள், என் அண்ணன், மாட்டேன் என்றால் கடையைப் பிரித்துக்கொள் என்கிறான், நீ அந்த வீட்டிலேயே மூத்தவளாக இருக்கலாம், எதுவும் மாறாது என்று என்னென்னவோ சொன்னார். இத்தனை நாள் சொல்லாததெல்லாம் ஒரேயடியாக வந்தது. அவர் முடித்ததும் அவள் கேட்டாள்.

"என்னைய உட்டுட்டுப் போலாம்னு போனீங்க. ஏன் திரும்பி வந்தீங்க?"

அவரால் குடத்தைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்றார்.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றாள் அவள். "சொல்லிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. நான் நாளைக்கு வர்றேன்."

காட்டில் எப்படித் தனியாக விட்டுப் போவது என்று கேட்டார். காலையில் விட்டுப் போனீர்களே என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

[போகும்போது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்றார் சந்திரம்மாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்றார் அப்பாதுரை. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை.]

அவர் போவதைப் பார்த்துவிட்டுக் காவலர் பலராமன் ஓடிவந்தார். பெண்ணைத் தனியாகத் தங்கவிட எனக்கு உத்தரவில்லை என்றார். அவள் போகமாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பொழுது சாய்ந்ததும் தன் மனைவி ஆராயியைத் துணைக்கு அனுப்புவதாகவும், அதுவரை திடலை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆராயி சொன்னபடி வந்தாள். களியும் கீரையும் கொண்டுவந்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினாள். காலையில் கூடாரத்தைச் சுருட்ட உதவி செய்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை நடந்தது தெரியாது.

8

அதைப் பற்றிச் சந்திரம்மாள் சொன்னது ஒரே வார்த்தை: "இருந்தேன்." உடனே ஆராயி வந்ததற்குத் தாண்டிவிட்டார். நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஒரு கதைக்கு நடுவில் அரை நாளைக் காணாமல் விடமுடியுமா? எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கரடி வருகிறது. திடலின் ஓரத்தில் நின்று அவளைப் பார்க்கிறது. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கரடி போய்விடுகிறது. இனி எதற்கும் பயமில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. (நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு ரொம்பப் பிரமாதம் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.)

இன்னொன்று: அழுகிறாள். வாய்விட்டு. காடு முழுக்கக் கேட்கிறது. பலராமன் குடிசையில் அது கேட்டும் கேட்காதது போல—

வேண்டாம்.

பிறகு ஒன்று, ஓடையில் குளித்துத் தலையை விரித்துப்போட்டுப் பாறையில் உட்கார்ந்து பாடுகிறாள். இதை எழுதியவன் சந்திரம்மாளைப் பார்த்தே இருக்கமாட்டான்.

9

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் கொஞ்சம் பேருக்குத் தெரிந்ததுதான்.

கூடாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சந்திரம்மாள் வீட்டுக்குத்தான் போனார். தன் துணிமணியை எடுத்துக்கொண்டார். ராஜம்மாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லையாம். அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம். அண்ணி முகம் கொடுக்கவில்லை. அதே ஊரில் தனியாக ஓர் அறை பிடித்துக்கொண்டார். ரவிக்கை தைத்தார். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு இட்லி போட்டு விற்றார். பள்ளிகளில் சத்துணவு வந்தபோது அமைப்பாளர் வேலை கிடைத்தது.

அந்த மாசியில் அப்பாதுரைக்கும் உண்ணாமலைக்கும் கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருமுறை அவர் அடி அண்ணாமலைக்குப் போய், அவளைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்டதாகச் சொன்னார்கள். அவள் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாளாம்.

ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்றால் ஜனங்கள் அவள் கஷ்டப்படுகிறாள் என்பார்கள், இல்லாவிட்டால் தைரியசாலி என்பார்கள். தீபத்தன்று மலையைச் சுற்றி லட்சம் பேர் நடக்கிறார்கள், சந்திரம்மாள் அறைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. இதை நான் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த முகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

10

இந்த வருஷம், 1988, ஐப்பசியில் கதையைக் கையோடு எடுத்துக்கொண்டு சந்திரம்மாள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவருடைய அனுமதி இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மனமில்லை. சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை நரைத்திருந்தது.

பேரை மாற்றட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். கதை முழுவதையும் படித்துக்காட்ட நேரம் இல்லை, கூடாரத்தின் முன்னால் இருந்த அந்தப் பகலை மட்டும் சொன்னேன். கரடி, அழுகை, பாட்டு. கேட்டுக்கொண்டே சாம்பார் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கரடியும் வரல, நான் அழவும் இல்ல சார்."

பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

அப்படியானால் என்னதான் நடந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. கரண்டியை வாளியில் விட்டுவிட்டு நின்றார். அவர் மலையைப் பார்த்தார் என்று எழுத ஆசைதான். மலை அந்தப் பக்கம் இல்லை. சுவர்தான் இருந்தது. சுவரைத்தான் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கல சார். பொறந்ததுலேர்ந்து யாராச்சும் கூப்டுகினேதான் இருந்தாங்க. அம்மா, அண்ணன், அப்புறம் அந்த வூட்ல அத்தன பேரு. அன்னைக்கு மத்தியானத்திலேர்ந்து பொழுது சாயற வரிக்கும் யாரும் என்னைக் கூப்பிடல. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கன்னும் தெரிஞ்சிடுச்சு. மொதல்ல அது பயமா இருந்துச்சு சார். அப்புறம்—"

வரிசையின் கோடியிலிருந்து ஒரு பிள்ளை தட்டைத் தரையில் தட்டிக் கூப்பிட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பந்தி முடியும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கதையை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் சில சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எல்லாம் அவரை ஆறுதல்படுத்தின, இல்லாவிட்டால் என்னை. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. உங்களிடம் வேறு சொற்கள் இருக்கலாம். அவசரப்படாதீர்கள். ஒரு பகல் முழுக்க யாரும் உங்களைக் கூப்பிடாத இடம் கிடைத்தால் அங்கே உட்கார்ந்து, இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

மொதல்ல அது பயமா இருந்துச்சு. அப்புறம்